கேமராவுக்கு மட்டும் ஆவணி

என் கூடப்பிறந்த அக்காவுக்கு, நிறையக் கோபத்தோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்போடும்,

நலமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பது? நீ எங்கே இருக்கிறாய், அங்கே உனக்கு வேலை ஏதும் இருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறாயா, ஒன்றும் தெரியாது. சும்மா இருந்தால் இதைப் படி. உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். வருஷம் முழுக்கத் திட்டியதை எல்லாம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். இனி முடியாது.

முதலில் உனக்குப் பிடிக்காத ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ போன நாளிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஹாலில் மாலை போட்டுத் தொங்கியது உன் ஐசி அடையாள அட்டைப் படம். ஆமாம், அதே படம்தான். "போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருக்கேன்டி, யார்கிட்டயும் காட்டிடாதே" என்று நீ பர்ஸுக்குள் திருப்பி வைத்திருந்த படம். பெரிதாக்கினால் கொஞ்சம் அழகாகிவிடும் என்று நினைத்தோம். இல்லை அக்கா. முறைப்புதான் பெரிதானது.

யாரைக் குற்றம் சொல்ல? நீ ஆபீஸில் தலைவலி என்று மேசையில் சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் பேப்பரில் போடப் படம் வேண்டும் என்று ஜெஞ்சாரோமிலிருந்து வந்த சித்தி பறந்தாள். ஆல்பங்களைப் புரட்டினால் ஒன்றில் நீ பள்ளிக்கூட ரெட்டைச் சடை. இன்னொன்றில் யாரோ கல்யாணத்தில் கையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாய். உன் கைப்பையைத் திறந்து சித்திதான் ஐசியை எடுத்தாள். பேப்பரில் அதே முறைப்பு, கீழே உன் பேர், தோற்றம், மறைவு. அம்மா அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு இப்படியா இருந்தா?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

அன்றைக்கு அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். "முதல் வருஷத் திதிக்கு முன்னாடி நல்ல படம் மாட்டிடறேம்மா. அக்கா சிரிக்கிற படம். கேமராவுக்குள்ள இருக்கு."

சொல்வது சுலபம். அந்தக் கேமராவுக்குள்ளிருந்து படத்தை வெளியே எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க ஆள் பேசியிருந்தோம். ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆளுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னது நீ. "ஃபிலிமும் வேணாம், கழுவவும் வேணாம். நான் இருக்கேன்ல" என்றாய். மாமா தன் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "பைக்குள்ள வைங்க மாமா, அதெல்லாம் பழைய காலம் லா" என்று அவரையும் கிண்டல் பண்ணி உட்கார வைத்தாய். கோயில் மண்டபத்தில் பொடிசுகள் எல்லாம் உன்னைச் சுற்றி. கேமராவின் முதுகிலிருந்த தீப்பெட்டி அளவுத் திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினாய். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நானும்தான்.

"எப்போ கையில தருவே?" என்று கேட்டதற்கு, "ஒழுங்கா அடுக்கி, பேர் போட்டு, அப்புறம் தரேன். அவசரப்படுத்தாதே" என்றாய். மாதம்கூட ஆகவில்லை. நீ போய்விட்டாய்.

உன் கேமராவைத் தொடவே எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. உன் கைரேகை அதில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. லென்ஸுக்கு மேலே நீ வைத்த சந்தனம், குங்குமம்கூடக் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. சித்திரை தாண்டின பிறகுதான் எடுத்துக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். பேட்டரி செத்திருந்தது. புதுசு போட்டேன். திரையில் தேதி கேட்டு மின்னிக்கொண்டே இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் உடனே அணைத்துவிட்டேன்.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிசாக ஒரு கார்டு. இவ்வளவுதானா? அப்பா தாலி கட்டியது, நாம் இரண்டு பேரும் குடத்து நீரை அவர்கள் தலையில் ஊற்றியது, அம்மா வெட்கப்பட்டது எல்லாம் இந்தத் தகட்டுக்குள்ளா இருக்கிறது? வேறு எங்கேயும் பிரதி கிடையாது. இது போனால் எல்லாமே போச்சு. தும்மினால் பறந்துவிடும் போல இருந்தது.

போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்கிற கப்பல் சரக்கு ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில்தான் டைப் அடிக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கார்டைச் செருகுவதற்கு ஃப்ளாப்பி டிஸ்கெட் மாதிரியே ஒரு உறை கேமராப் பெட்டியில் இருந்தது. அதற்குள் கார்டை வைத்து, உறையை டிஸ்கெட் வாயில் போட்டேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் கறுமுறு என்றது. பிறகு ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது. "இது ஃபார்மட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?" கீழே யெஸ், நோ.

ஃபார்மட் என்றால் துடைத்து எடுப்பது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. "ஏதோ கேக்குது, யெஸ் குடு" என்று சேகர் சொல்லிக்கொண்டே மௌஸை நோக்கிக் கையை நீட்டினார். ஓங்கி ஒன்று வைத்தேன் அந்தக் கையில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நோ கொடுத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அதே கேள்வி. திருப்பிப் போட்டேன், ஊதிப் போட்டேன், சாமி கும்பிட்டுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அது உன்னைத் துடைத்துவிடட்டுமா என்றுதான் கேட்டது. எந்த ஊர் நியாயம் இது? உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே தெரியாத மெஷினுக்கு, அழிக்க மட்டும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை புறநகர் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் புதுசாக ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் வாயில் கறிபஃபோடு கார்டை வாங்கி எதிலோ செருகினார். திரையைப் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"இது செத்துப்போச்சு அக்கா."

"என்னது?"

"கார்டு செத்துப்போச்சு லா. ஃபார்மட் பண்ணா திரும்பப் புதுசு மாதிரி வேலை செய்யும். பண்ணட்டுமா?"

"உள்ள படம் இருக்கு பாஸ்."

"படம் போனா போவுது, கார்டு வெல அதிகம். அதக் காப்பாத்துங்க."

அந்த ஆளிடம் என்ன சொல்வது? பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, கடை முன்னால் ஐந்தடிப் பாதையில் நின்று அழுதேன். பூக்கடை ஆன்டி ஒரு நாற்காலி எடுத்துப் போட்டாள். செத்துப்போச்சு என்ற அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கவா ரயிலேறி வந்தேன்? படத்தைப் பற்றி அந்த ஆள் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை?

நம் வீட்டுக்குப் போனால் அம்மா சமையலறையில். அங்கே அலமாரியைத் திறந்ததும் உன் மேல் இருந்த கோபம் உச்சிக்கு ஏறியது. சாம்பார்த் தூள் டின்னில் உன் கையெழுத்து. மஞ்சள் தூள், எந்த மாதம் அரைத்தது. ஊறுகாய், எந்த நாள் போட்டது. உளுந்துக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டி வைத்தவள் நீ. இவ்வளவு செய்தவளுக்கு அந்தக் கேமராவை எப்படித் திறப்பது என்று யாரிடமாவது சொல்லி வைக்கத் தோன்றவில்லையா? உளுந்து போனால் பாசாரில் வாங்கிக்கொள்ளலாமே அக்கா!

கத்திவிட்டேன். வாய்விட்டே கத்திவிட்டேன், உன் டின்களைப் பார்த்து. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"யார்கிட்ட சண்ட போடற?"

"உன் மூத்த பொண்ணுகிட்ட."

"அவ சாமிமேடைக்கு மேல ஏதோ வச்சிருந்தா. கேமரா வந்த அன்னைக்கு வச்சது. நான் எடுக்கல" என்றாள் அம்மா.

முருகன் படத்துக்குப் பின்னால், சாம்பிராணி வாசத்தோடு ஒரு டிஸ்கெட். மேலே ஒரு சீட்டு ஒட்டி, "கேமராவுடையது. யாரும் தொடாதே" என்று உன் கையெழுத்து. யாரும் தொடவில்லை அக்கா. எல்லாரும் உன் பேச்சைக் கேட்டார்கள். அதனால்தான் இவ்வளவு காலம் நான் செத்தேன்.

விஷயம் இதுதான். கார்டு வைக்கிற உறை என்றால் என்ன என்று முதலில் அந்த டிஸ்கெட்தான் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டுமாம். சொல்லித்தந்தால் அடையாளம் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் ஃபார்மட் பண்ணவா என்று கேட்கும். ஒரு வரி, அக்கா. ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கிள்ளானுக்குத் திரும்பி அதைப் போட்டேன். இந்தத் தடவை கேள்வி வரவில்லை. உள்ளே இரண்டு ஃபோல்டர் தெரிந்தது. ஒரு படத்தைத் திறந்தேன். மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் மண்டபத்து மின்விசிறி. பிறகு ஒரு தலை, பூ. பிறகு நெற்றி. கண் வருவதற்குள் என் உயிர் போய்விட்டது. சித்தி! சித்தி ஜாங்கிரி தின்றுகொண்டிருக்கிறாள். முதல் படமே சித்தியா? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எடுப்பதோடு முடிந்ததா? கம்ப்யூட்டரில் "கல்யாணம்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் இழுத்துவிட்டேன். பாதியில் நின்று, "இதே பேரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கவா?" என்று கேட்டது. உன் கேமரா இரண்டு ஃபோல்டரிலும் ஒன்றிலிருந்து எண் போட்டிருக்கிறது. உலகத்திலுள்ள எல்லாப் படத்துக்கும் அதற்குத் தெரிந்தது ஒரே பேர்தான். எண் மட்டும் மாறும், அதுவும் திரும்பத் திரும்ப வரும். ஒரு யெஸ் கொடுத்திருந்தால் அப்பா தாலி கட்டுகிற படம் போய், அந்த இடத்தில் வீட்டுப் பூனை உட்கார்ந்திருக்கும். இந்தத் தடவை சேகர் தன் கைகளைத் தானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தனித்தனியாக எடுத்து வைத்தேன். பேர் போட உட்கார்ந்தேன். தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வந்தது. அம்மா, அப்பா என்று ஆங்கில எழுத்திலேயே அடித்தேன். நீ எடுத்திருப்பவற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? ரசச் சட்டி. ஸ்விட்ச் போர்டு. உன் இடது கால். மறுபடியும் ரசச் சட்டி. அப்பாவின் வழுக்கை, பின்னாலிருந்து. பங்சாரில் உன் ஆபீஸ் ஜன்னல். இதற்கெல்லாம் நான் என்ன பேர் போடுவது? ஃபிலிம் இல்லை என்றால் இஷ்டத்துக்கு அமுக்கிக்கொண்டே இருப்பதா? ஒன்றையாவது அழிக்கலாம் என்று போய், உன் இடது காலைக்கூட அழிக்க முடியாமல் திரும்பி வந்தேன். மருதாணி வைத்திருந்தாய்.

தேடிய படம் கிடைத்தது. நான் எடுத்தது அது. "அமுக்கு, ரொம்ப யோசிக்காதே" என்று கேமராவை என் கையில் திணித்துவிட்டு, அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாய். அம்மாவின் தோளில் கை போட்டு அப்படியே குனிந்து ஏதோ சொன்னாய். அம்மா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள். நீ வாயைத் திறந்து சிரிக்கிறாய். கோணல் பல் தெரிகிறது. நீதான் அக்கா. முழுசாக நீ.

அப்போதுதான் பார்த்தேன். படத்தின் வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. கேமராவே போட்டது. படத்தோடு சேர்ந்து பதிந்தது.

அது நீ போன தேதி.

அன்றைக்கு நாம் எல்லாரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தோம். அப்பா தாலி கட்டுகிற படத்தைத் திறந்தேன். அதிலும் அதே தேதி. சித்தியின் ஜாங்கிரியிலும் அதே தேதி. அறுபதாம் கல்யாணம் முழுக்க நீ செத்த நாளில் நடந்ததாகச் சொல்லியது உன் கேமரா.

"இது வொய்டூகே லா" என்றார் சேகர். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்கு எதற்கெடுத்தாலும் அதுதான் காரணம். வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றபோதும் அதைத்தான் சொன்னார்.

தேதி தெரியாத அளவுக்கு மூலையை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். டிஸ்கெட்டில் போட்டு எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவர் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தேதி போனால் அம்மாவின் தோளில் இருக்கிற உன் கையும் கூடவே போகிறது. வேறு வழி இல்லையா என்றேன். இல்லை என்றார். வெட்டாமலேயே பிரிண்ட் போட்டு வாங்கினேன். வேறு என்ன செய்ய? திதிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் போய் அம்மா, அப்பா முன்னால் உட்கார்ந்து, அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன். அம்மா வாங்க வந்தாள். நான் விடவில்லை. "நானே பிடிச்சுக்கறேன், நீ பாரும்மா." அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் இளகி வந்த அந்த நேரத்தில் அப்பா கையை நீட்டி என் விரலை நகர்த்தினார். உனக்குத்தான் அப்பாவைத் தெரியுமே. ரயில்வேயில் இருந்த மனுஷன். எண் எங்கே இருந்தாலும் வாய்விட்டு வாசித்தே ஆக வேண்டும், போகிற லோரி நம்பர்கூட. வாசித்தார். வருஷம், மாசம், நாள்.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"அது அவ போன நாளு. யாருடி போட்டது அத?"

"கேமரா போட்டதும்மா. எல்லாப் படத்திலயும் அப்படித்தான் இருக்கு."

"எல்லாப் படத்திலயுமா? உங்கப்பா தாலி கட்டினதுலயுமா? ஆவணியில நாள் பாத்து, நேரம் பாத்துப் பண்ணது! புரட்டாசியில எவனாவது தாலி கட்டுவானா? எம் பொண்ணு போன அன்னைக்கா நான் மாலையும் கழுத்துமா உக்காந்திருந்தேன்? தூக்கிப் போடு அந்தக் கேமராவ. ஒண்ணும் வேணாம். இருக்கிற படமே போதும்."

எனக்கு உலகமே வெறுத்துப்போயிற்று அக்கா. இவ்வளவும் பட்டு, அந்த முறைக்கிற படமே போதும் என்றா கேட்பது? எழுந்து போய்விடலாம் என்று பையைத் தேடினேன்.

அப்பா மட்டும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க.

"என்னங்க சிரிப்பு?" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

"நீதாண்டி காரணம். ஆடி மாசத்துல புதுசு தொடக்கூடாதுன்னு வாசல்ல நின்னு கத்துனது யாரு?"

எனக்கு இந்தக் கதை தெரியாது. நான் கிள்ளானில் இருந்தேன். அப்பா சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பார். ரிங்கிட் மதிப்பு விழுந்துகொண்டிருக்கிறது, அடுத்த மாதம் விலை ஏறிவிடும் என்று நீ ஆடியிலேயே கேமராவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். ஆவணி பிறக்கும்வரை பெட்டியைப் பிரிக்கவே கூடாது என்று அம்மா மறித்தாள். நீ சண்டை போடவில்லை. சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாய். ஆவணியில் முதல் நல்ல நாள் எது, நல்ல நேரம் எது என்று அம்மாவையே பார்த்துச் சொல்ல வைத்தாய். அந்தத் தேதியையும் நேரத்தையும் கேமராவில் அமுக்கி வைத்தாய்.

"'இப்ப பாரும்மா, நமக்குத்தான் ஆடி. கேமராவுக்கு ஆவணி பொறந்துடுச்சு'ன்னு இவ மூக்குக்கு முன்னால நீட்டுனா" என்றார் அப்பா. "இவளும் சரின்னு சந்தனம் குங்குமம் எடுத்துக் குடுத்தா. அப்புறம் யாரு அதத் திருப்பி வச்சா? அது பாட்டுக்கு மூணு வாரத்துக்கு மேல முன்னால ஓடியிருக்கு."

அடிப்பாவி!

ஆடியிலிருந்து தப்பிக்க வைத்து, கல்யாணத்தைக் கொண்டுபோய்ப் புரட்டாசியில் விட்டாய். உளுந்துக்குத் தேதி போடுகிறவள், கேமராவின் தேதியைச் சரிசெய்ய மறந்துவிட்டாய். அதுவும் எண்ணி வைத்தது மாதிரி அந்த நாளிலா வந்து விழ வேண்டும்?

அம்மா படத்தை எட்டிப் பார்த்தாள். "ஆமா. நான்தான் குங்குமம் குடுத்தேன்" என்றாள். பிறகு சிரித்தாள். வருஷம் கழித்து முதல் தடவை. சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. சாயங்காலப் பூஜைக்குக் கோயில் மணி அடித்தது.

"மூலைய வெட்டிடலாம்மா. ஆனா அக்கா கை போயிடும்" என்றேன்.

அம்மா படத்தை வாங்கித் தன் தோளின் மேலிருந்த உன் கையைத் தடவிப் பார்த்தாள். "வெட்டாதே" என்றாள்.

திதி நல்லபடியாக முடிந்தது அக்கா. ஜெஞ்சாரோமிலிருந்து சித்தி வந்தாள். வடை பாயசத்தோடு சாப்பாடு. உனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் செய்தோம். ஐசி படத்தை இறக்கிவிட்டுப் புதுப் படத்தை மாட்டி, நான்தான் மாலை போட்டேன். அம்மாவும் அந்தப் படத்தில் இருக்கிறாளே, உயிரோடு இருக்கிறவள் இருக்கிற படத்துக்கு மாலை போடலாமா என்று சித்தி ஆரம்பித்தாள். அம்மா பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதனால் மாலையை உன் பக்கமாக ஒதுக்கிப் போட்டிருக்கிறேன்.

சித்தி கிட்டே போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மூலையைப் படித்தாள்.

"பரவால்லயே! எறந்த தேதியெல்லாம் போட்டு அழகா பண்ணியிருக்கீங்க. எந்தக் கடையில குடுத்தீங்க?"

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னாள்.

"கடையில இல்ல. அவளே போட்டுட்டுப் போனா. அன்னைக்குத்தான் அவ என் தோள்ல கை போட்டுச் சிரிச்சிட்டிருந்தா."

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களில் யாரும் அதற்குமேல் விளக்கவும் இல்லை.

போன வருஷம் அந்தத் தேதி எனக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசனையாக மட்டும்தான் இருந்தது. இந்த வருஷம் நாள்காட்டியில் அதைக் கிழிக்கும்போது உன் கோணல் பல்லும் சேர்ந்து ஞாபகம் வந்தது. இதற்காக உனக்கு நன்றி சொல்வதா, இன்னும் நாலு திட்டு திட்டுவதா? நீ அன்றைக்கு அம்மாவின் காதில் என்ன சொன்னாய்? அம்மாவிடம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மீதிப் படங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ரசச் சட்டிக்கும் பேர் போட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் தனி டிஸ்கெட்டுகளில் இன்னொரு பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன, எப்படித் திறப்பது என்று சீட்டு ஒட்டி, உன் சாம்பார்த் தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். "தொடாதே" என்று எழுத மாட்டேன்.

உன் கேமரா என் மேசையில் இருக்கிறது. போட்டால் தேதி கேட்டு இன்னும் மின்னுகிறது. இனிமேல் உள்ளபடியான தேதியைத்தான் அதில் வைப்பேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. இன்றைக்கே வைத்திருப்பேன். ஆனால் அம்மா போன் போட்டு, புரட்டாசியில் எதையும் புதுசாகத் தொடங்காதே என்று சொல்லிவிட்டாள். ஐப்பசி பிறக்கட்டும் அக்கா. அதுவரை மின்னிக்கொண்டே இருக்கட்டும்.

திட்டினாலும் உன்னைத் தவிர வேறு அக்கா இல்லாத,
உன் தங்கச்சி ராதா,
கிள்ளான்.